சாய்ந்த தளத்துக்கு வெக்டர் போடுவது எப்படி? கஞ்சிக்கோடு சிஎம்எம் அறைகளில் அடிக்கடி வரும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் சிஎம்எம் (பொருளைத் தொட்டு அதன் அளவுகளை எடுக்கும் இயந்திரம்) ஓட்டுகிறவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. சிலர் கோயம்புத்தூர், எட்டிமடை, கே.ஜி.சாவடியிலிருந்து தினமும் வாளையாறு தாண்டி வருகிறவர்கள். சிலர் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள். வாடிக்கையாளர் 3டி மாடல் கொடுத்தால் தளத்தின் மேல் சொடுக்கினாலே வெக்டர், அதாவது தளம் பார்க்கும் திசை, வந்துவிடும். ஆனால் சின்னப் பட்டறைகளுக்குப் பெரும்பாலும் பிடிஎஃப் டிராயிங் மட்டும்தான் வருகிறது. அதில் இரண்டு பார்வைகள், இரண்டு கோணங்கள், மூலையில் ஒரு டாலரன்ஸ் (அனுமதிக்கப்பட்ட விலகல்) இருக்கும். அங்கேதான் பிள்ளைகள் திணறுகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. விடைகளில் வரும் எண்களை நீங்களும் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். கை பழகினால்தான் இது மனதில் நிற்கும்.

எக்ஸ், ஒய், இசட் கொடுத்தாச்சுங்களே அண்ணா, அப்புறம் ஐ, ஜே, கே எதுக்கு?

எக்ஸ், ஒய், இசட் புள்ளி இருக்கும் இடத்தைச் சொல்கின்றன. ஐ, ஜே, கே அந்த இடத்தில் மேற்பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைச் சொல்கின்றன. ஓட்டுக் கூரையின் மேல், ஓட்டுக்குச் செங்குத்தாக ஓர் ஆணி நிற்கிறது என்று வையுங்கள். அந்த ஆணி நேராக வானத்தைப் பார்க்காது, கூரை இறங்கும் பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அது காட்டும் திசைதான் வெக்டர். அதே திசையில் 1 மிமீ நகர்ந்தால் எக்ஸில் எவ்வளவு நகர்கிறோமோ அது ஐ, ஒய்யில் ஜே, இசட்டில் கே.

இயந்திரம் இதை இரண்டு காரியத்துக்குப் பயன்படுத்துகிறது. முதலாவது, ப்ரோப் (தொட்டு அளக்கும் கருவி) எந்த வழியாக வந்து தொட வேண்டும் என்பதைத் தீர்மானிக்க. வெக்டருக்கு நேர் எதிர்த் திசையில் வந்து தொட்டுவிட்டு, வெக்டரின் திசையிலேயே பின்வாங்கும். இரண்டாவது, ப்ரோப் நுனியில் உள்ள ரூபி பந்தின் ஆரத்தைக் கழிக்க. தொட்ட நொடியில் சிஎம்எம்முக்குத் தெரிவது பந்தின் மையம் மட்டுமே. உலோகத்தைத் தொட்டது பந்தின் விளிம்பு. மையத்திலிருந்து ஓர் ஆரம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை நாம் கொடுக்கும் வெக்டரை நம்பித்தான் அது முடிவு செய்கிறது.

கான்கார்ட் விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சின் குழாய்களை அளப்பதற்காக 1970-களின் தொடக்கத்தில் டேவிட் மெக்மர்ட்ரி தொடு ப்ரோப்பை உருவாக்கினார். 1973-இல் ரெனிஷா நிறுவனம் தொடங்கியதும் அதை வைத்துத்தான். அன்றிலிருந்து இன்றுவரை இந்தப் பந்து ஆரக் கணக்கு மாறவில்லை.

வெக்டர் கொஞ்சம் தப்பாப் போனா எவ்வளவு பிழை வரும்?

கோணப் பிழையின் காஸ் மதிப்பை 1-லிருந்து கழித்து, பந்தின் ஆரத்தால் பெருக்கினால் மேற்பரப்புக்குச் செங்குத்தான பிழை கிடைக்கும். 2 மிமீ பந்துக்கு, அதாவது 1 மிமீ ஆரத்துக்கு, 1° தவறினால் 0.00015 மிமீ. இது கணக்கிலேயே வராது. 5° என்றால் 0.0038 மிமீ, 10° என்றால் 0.015 மிமீ. 30° சாய்வுள்ள முகத்துக்குச் சோம்பலில் 0, 0, 1 என்று போட்டுவிட்டால் 0.134 மிமீ. வெக்டரைத் தலைகீழாகப் போட்டால் முழு விட்டமும், 2 மிமீ, பிழையாக வந்து நிற்கும்.

இந்தப் பிழை எப்போதும் ஒரே பக்கம்தான் வரும். உலோகம் கூடுதலாக இருப்பது போலவே காட்டும், குறைவாகக் காட்டவே காட்டாது. ஆகவே பத்துப் புள்ளி எடுத்துச் சராசரி பார்த்தாலும் அது போகாது. இன்னொரு தொல்லையும் உண்டு. சாய்ந்த முகத்தின் மேல் நேர் மேலிருந்து இறங்கினால் பந்து வழுக்கும், அதைத் தாங்கும் தண்டான ஸ்டைலஸ் வளையும். அந்தப் பிழைக்குச் சூத்திரம் கிடையாது.

ஆனா நான் தப்பு வெக்டர் போட்டும் பிளேன் சரியா வந்துச்சே?

வரும். நாலைந்து புள்ளி எடுத்து அதைத் தளம் என்று அளந்தால், மென்பொருள் பொதுவாகப் பந்து மையங்கள் வழியாக ஒரு தளத்தைப் பொருத்திவிட்டு, அந்தத் தளத்தின் சொந்தத் திசையில் ஆரத்தைக் கழிக்கிறது. அங்கே நீங்கள் போட்ட வெக்டர், தொட வரும் வழிக்கும், உலோகம் எந்தப் பக்கம் என்பதைச் சொல்வதற்கும்தான் பயன்படும். தனிப் புள்ளியாக அளக்கும்போது அந்தச் சலுகை இல்லை. கொடுத்த வெக்டர் அப்படியே கணக்கில் ஏறும். வார்ப்பில் வந்த சொரசொரப்பான முகத்தில் தனிப் புள்ளி எடுக்க வேண்டியிருந்தால், சுற்றிலும் மூன்று மாதிரித் தொடல்கள் எடுத்து அந்த இடத்தின் திசையைத் தானே கண்டுபிடிக்கும் புள்ளி வகை உங்கள் மென்பொருளில் இருக்கிறதா என்று பாருங்கள். பிசி-டிமிஸ் என்ற சிஎம்எம் மென்பொருளில் இருக்கிறது.

ஒரே பக்கம் சாஞ்ச தளத்துக்கு எப்படிப் போடுறது?

கிடைமட்டத்திலிருந்து சாய்வுக் கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தளம் பிளஸ் எக்ஸ் பக்கம் இறங்கினால்:

ஐ = சைன்(சாய்வு), ஜே = 0, கே = காஸ்(சாய்வு)

30° என்றால் 0.5, 0, 0.866. மைனஸ் எக்ஸ் பக்கம் இறங்கினால் −0.5, 0, 0.866. ஒய் பக்கம் இறங்கினால் அந்த எண் ஐ-யிலிருந்து ஜே-க்குப் போகும். தளம் இறங்கும் பக்கமே வெக்டரும் சாயும், இதை மட்டும் மறக்கக் கூடாது.

இதில் கணக்கு சிரமமே இல்லை. டிராயிங்கில் அந்த 30° எங்கிருந்து அளக்கப்பட்டது என்று பார்ப்பதில்தான் கவனம் வேண்டும். கோண வளைவின் ஒரு முனை கிடைமட்டக் கோட்டில் நின்றால் மேலே சொன்ன விடை. செங்குத்துச் சுவரில் நின்றால் சாய்வு 60°, வெக்டர் 0.866, 0, 0.5. சேம்ஃபர்களில் (விளிம்பைச் சாய்த்து வெட்டிய முகங்களில்) இது அடிக்கடி நடக்கும். 45° சேம்ஃபர் எப்படிப் படித்தாலும் சரியாக வந்துவிடும். அதிலேயே பழகிய கை 30° வரும்போது தடுமாறுகிறது.

மைனஸ், பிளஸ் குழப்பமாவே இருக்குங்க. ஏதாவது வழி இருக்கா?

ஒரே விதிதான்: வெக்டர் உலோகத்தை விட்டு வெளியே பார்க்க வேண்டும். மேல்முகத்துக்குக் கே பிளஸ், அடிமுகத்துக்குக் கே மைனஸ். துளையின் உள்சுவர் துளையின் மையத்தைப் பார்க்கும். பாக்கெட்டின் (குடைந்த பள்ளத்தின்) வலதுபக்கச் சுவர் இடதுபக்கம் பார்க்கும், அதனால் அதன் ஐ மைனஸ். பாக்கெட் சுவரில் பலர் சறுக்குவதற்குக் காரணம், 'வெளியே' என்றால் ஜாப்பின் (அளக்கும் பொருளின்) நடுவிலிருந்து விலகிப் போவது என்று நினைப்பதுதான். காற்று இருக்கும் பக்கமே வெளிப்பக்கம்.

குறி தப்பினால் நேர்வதை ஓர் உதாரணத்தில் பாருங்கள். புள்ளி 50, 20, 12. வெக்டர் 0.5, 0, 0.866. பந்து 2 மிமீ, பந்தின் விளிம்புக்கும் முகத்துக்கும் நடுவே அணுகு தூரம் 3 மிமீ. பந்தின் மையம் முதலில் 4 மிமீ வெளியே, 52, 20, 15.464-இல் போய் நிற்க வேண்டும். குறியை மாற்றிப் போட்டால் அது 48, 20, 8.536-க்குப் போகப் பார்க்கும். அந்த இடம் உலோகத்துக்குள்ளே. வேகமாக நகரும் கட்டத்திலேயே மோதல் நடந்துவிடும். புது ப்ரோகிராமை முதல் தடவை ஓட்டும்போது வேகத்தைக் குறைத்து, கையை நிறுத்தும் பொத்தானிலேயே வைத்திருங்கள்.

டிராயிங்கில் ஒரு பார்வையில் 30°, இன்னொரு பார்வையில் 20° இருக்கு. ரெண்டு பக்கமும் சாஞ்ச தளம். இதுக்கு என்ன பண்றது?

பலரும் சறுக்கும் இடம் இதுவே. நிதானமாகப் பார்ப்போம்.

முன்பார்வையில் (எக்ஸ்–இசட்) 30°, பக்கப் பார்வையில் (ஒய்–இசட்) 20° என்று எழுதியிருந்தால், இரண்டும் அந்தந்தப் பார்வையில் விழும் கோட்டின் சாய்வுகள். எக்ஸில் 1 மிமீ போனால் தளம் டேன் 30, அதாவது 0.57735 மிமீ இறங்குகிறது. ஒய்யில் 1 மிமீ போனால் டேன் 20, அதாவது 0.36397 மிமீ இறங்குகிறது. அப்படியென்றால் வெக்டரின் திசை 0.57735, 0.36397, 1. இதன் நீளம் 1 அல்ல. மூன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 1.46580, வர்க்கமூலம் 1.21070. மூன்றையும் அதால் வகுத்தால்:

ஐ = 0.47687, ஜே = 0.30063, கே = 0.82597

தளத்தின் உண்மையான சாய்வு கே-யின் தலைகீழ் காஸ். அது சுமார் 34.3° வருகிறது. இரண்டு கோணங்களையும் விட அது பெரிதாக இருப்பது சரிதான்.

சைன் 30, சைன் 20 என்று போட்டு, மிச்சத்தைக் கே-யில் சமன் செய்வது தவறு. பார்க்க அழகான எண்கள் வரும், ஆனால் அது வேறொரு தளத்தின் வெக்டர்.

பக்கப் பார்வையைப் படிக்கும்போது டிராயிங்கின் மூலையில், பார்வைகளை அடுக்கிய முறையைக் காட்ட இருக்கும் ப்ரொஜெக்‌ஷன் குறியைப் பாருங்கள். இந்திய டிராயிங்குகள் பெரும்பாலும் ஃபர்ஸ்ட் ஆங்கிள், அமெரிக்க வாடிக்கையாளர் அனுப்புவது தேர்ட் ஆங்கிள். பக்கப் பார்வை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது என்பதையே மாற்றிப் புரிந்துகொண்டால் ஜே-யின் குறி கவிழ்ந்துவிடும்.

மெஷினில் 30° திருப்பி, அப்புறம் 20° சாய்ச்சு வெட்டினோம்னு விஎம்சி (வெட்டும் இயந்திரம்) ஆபரேட்டர் சொல்றாரே. அதுக்கும் இதே விடைதானா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளை நன்றாக வருவான் என்று எனக்குத் தோன்றும்.

ஒய் அச்சைச் சுற்றி 30° திருப்பி, பிறகு நிலையான எக்ஸ் அச்சைச் சுற்றி 20° திருப்பினால் வெக்டர் 0.5, 0.2962, 0.8138. வரிசையை மாற்றி முதலில் எக்ஸைச் சுற்றி 20°, பிறகு ஒய்யைச் சுற்றி 30° என்றால் 0.46985, 0.34202, 0.8138. பார்வைக் கோணங்களிலிருந்து வந்தது 0.47687, 0.30063, 0.82597. அதே 30, அதே 20, ஆனால் மூன்று தனித்தனித் தளங்கள். சுழற்சி வரிசையை மாற்றியதால் மட்டுமே இரண்டு தளங்களுக்கிடையே சுமார் 3.1° வித்தியாசம். பார்வைக் கோணத் தளத்துக்கும் முதல் சுழற்சித் தளத்துக்கும் சுமார் 1.5°.

1.5°தானே, பந்து ஆரப் பிழை ஒரு மைக்ரானுக்கும் குறைவுதானே என்று கேட்கலாம். ஆரக் கணக்கில் அது உண்மைதான். ஆனால் தளத்தில் நீங்கள் எதிர்பார்க்கும் உயரம் கெட்டுப்போகும். முதல் சுழற்சித் தளம் எக்ஸில் மிமீக்கு 0.6144 இறங்குகிறது, பார்வைக் கோணத் தளம் 0.57735 இறங்குகிறது. 30 மிமீ தள்ளிப் போனால் இசட்டில் 1.1 மிமீ வித்தியாசம். நல்ல ஜாப் ரிஜெக்ட் ஆகும், அல்லது கெட்ட ஜாப் பாஸ் ஆகும்.

ஆகவே வெட்டியவர் சொல்வதை வைத்து வெக்டர் போடாதீர்கள். டிராயிங் என்ன சொல்கிறதோ அதை வைத்துப் போடுங்கள். அவர் வெட்டிய முறை டிராயிங்கோடு ஒத்துப்போகிறதா என்பதைத்தான் நாம் அளந்து சொல்ல வேண்டும். டிராயிங்கிலேயே தெளிவில்லை என்றால் வாடிக்கையாளரிடம் ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். தயங்க வேண்டாம். ஜாப்பை ஏற்றிக்கொண்டு லாரி திரும்பி வரும் செலவை நினைத்தால் அந்தக் கேள்வி பெரிதில்லை.

சில டிராயிங்ல சாய்வு ஒண்ணு, மேல்பார்வையில் திசைக் கோணம் ஒண்ணு கொடுத்திருக்காங்க.

அது நல்ல டிராயிங். சாய்வு 35°, மேல்பார்வையில் பிளஸ் எக்ஸிலிருந்து பிளஸ் ஒய் பக்கமாக 40° திசையில் இறங்குகிறது என்றால்:

ஐ = சைன் 35 × காஸ் 40 = 0.43939
ஜே = சைன் 35 × சைன் 40 = 0.36869
கே = காஸ் 35 = 0.81915

இதில் வரிசைக் குழப்பமே வராது.

கோணமே கொடுக்கல, மூணு புள்ளியோட அளவு மட்டும்தான் இருக்கு.

அதுவும் போதும். புள்ளிகள் (0, 0, 20), (40, 0, 5), (0, 30, 12) என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் புள்ளியிலிருந்து மற்ற இரண்டுக்கும் போகும் வெக்டர்கள் (40, 0, −15), (0, 30, −8). இவற்றின் குறுக்குப் பெருக்கல்:

முதல் எண்: 0 × (−8) − (−15) × 30 = 450
இரண்டாவது: (−15) × 0 − 40 × (−8) = 320
மூன்றாவது: 40 × 30 − 0 × 0 = 1200

நீளம் 1320.95. வகுத்தால் 0.34066, 0.24225, 0.90844. மேல்முகம் என்பதால் கே பிளஸாக வர வேண்டும், வந்திருக்கிறது. மைனஸாக வந்தால் நீங்கள் இரண்டு வெக்டர்களை மாற்றிய வரிசையில் பெருக்கியிருக்கிறீர்கள். மூன்று குறிகளையும் திருப்பிப் போட்டால் போதும், மறுபடி கணக்குப் போட வேண்டியதில்லை.

ரிப்போர்ட்டில் 34.4°னு வருது. டிராயிங்கில் 30°. ஜாப் ரிஜெக்ட்டா?

அவசரப்படாதீர்கள். மென்பொருள் காட்டுவது தளத்துக்கும் அடித்தள டேட்டத்துக்கும் (அளவுக்கு ஆதாரமான முகத்துக்கும்) நடுவே உள்ள முப்பரிமாணக் கோணம். டிராயிங் சொல்வது முன்பார்வையில் விழும் கோணம். அளந்த தளத்தின் வெக்டரை எடுங்கள். 0.4802, 0.2985, 0.8248 என்று வந்திருக்கிறது என்று வைப்போம். ஐ-யைக் கே-யால் வகுத்துத் தலைகீழ் டேன் எடுத்தால் 30.2°. ஜே-யைக் கே-யால் வகுத்து எடுத்தால் 19.9°. இந்த இரண்டையும்தான் டிராயிங்கின் 30, 20 உடன் ஒப்பிட வேண்டும். கோணத்தைக் குறிப்பிட்ட தளத்தின் மேல் வீழ்த்திக் காட்டும் வசதி பல மென்பொருள்களில் இருக்கிறது. அதைத் தேர்வு செய்தால் ரிப்போர்ட்டிலேயே சரியாக வரும்.

கட்டத்துக்குள் கோணத்தன்மைக் குறியும் 0.05 போன்ற எண்ணும் இருந்தால் அது டிகிரி அல்ல, மிமீ. சரியான கோணத்தில் 0.05 மிமீ இடைவெளியில் நிற்கும் இரண்டு இணைத் தளங்களுக்குள் முழு முகமும் அடங்க வேண்டும் என்பது பொருள். 30° ± 0.5° என்பதும் இதுவும் வேறு வேறு.

புள்ளியோட இசட் அளவை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தளத்தில் தெரிந்த ஒரு புள்ளி வேண்டும். எக்ஸில் அதிலிருந்து தள்ளிய தூரத்தை ஐ-யாலும், ஒய்யில் தள்ளிய தூரத்தை ஜே-யாலும் பெருக்கிக் கூட்டி, கே-யால் வகுத்து, தெரிந்த இசட்டிலிருந்து கழியுங்கள். 30°–20° தளம் 0, 0, 25 வழியாகப் போகிறது என்றால், எக்ஸ் 15, ஒய் 10-இல் இசட் 12.700.

இதைச் செய்யாமல் டிராயிங்கில் கண்ணால் அளந்து ஒரு இசட் போடுகிறவர்கள் உண்டு. புள்ளி தளத்தில் உட்காராவிட்டால் நல்ல ஜாப்பிலும் விலகல் காட்டும். இசட்டில் 0.1 மிமீ தவறு, இந்தத் தளத்தில் 0.083 மிமீ பொய் விலகலாக வரும்.

எத்தனை தசமம் போடணும்?

தொடுவதற்கு மட்டும் என்றால் இரண்டு தசமமே போதும். 0.5, 0, 0.87 என்று போட்டால் கோணம் 0.11° தவறுகிறது, பந்து ஆரத்தில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அதே வெக்டரை அலைன்மென்ட்டுக்கோ (ஜாப்போடு அச்சுகளைப் பொருத்துவதற்கோ), கோணத்தின் நாமினல் (டிராயிங்கில் உள்ள) மதிப்புக்கோ பயன்படுத்தினால் 100 மிமீ நீளத்தில் 0.2 மிமீ போய்விடும். ஐந்து அல்லது ஆறு தசமம் போடும் பழக்கத்தை வைத்துக்கொண்டால் யோசிக்கவே வேண்டாம்.

ஐ, ஜே, கே வர்க்கங்களைக் கூட்டினா 1 வருது. அப்போ வெக்டர் சரிதானே?

நீளம் சரி. திசை சரியா என்பதை அது சொல்லாது. எக்செலில் சைன் 30 என்று நேராகப் போட்டால் அது 30 ரேடியன் என்று எடுத்துக்கொண்டு −0.98803 கொடுக்கும், காஸ் 0.15425 கொடுக்கும். வர்க்கங்களைக் கூட்டினால் கச்சிதமாக 1 வரும். சோதனையில் தேறிவிட்ட இந்த வெக்டர், எதிர்ப்பக்கம் கிட்டத்தட்ட படுத்துக் கிடக்கிறது. டிகிரியை முதலில் ரேடியனாக மாற்றுங்கள். 30°30′ என்றால் 30.5, அதை 30.30 என்று போடாதீர்கள்.

என் வழக்கம்: கணக்குப் போடுவதற்கு முன்பே தாளில் அம்புக்குறி வரைந்து, எது பிளஸ், எது மைனஸ், எது பெரிய எண் என்று எழுதிவிடுவேன். விடை அதோடு ஒத்துவந்தால்தான் ப்ரோகிராமில் ஏற்றுவேன்.

இத்தனை கணக்கு எதுக்கு? அலைன்மென்ட்டையே திருப்பிட்டு 0, 0, 1 போட்டா ஆகாதா?

ஆகும். ஒரே சாய்ந்த முகத்தில் நிறையத் துளைகளும் புள்ளிகளும் இருந்தால் அதுவே நல்ல வழி. ஆனால் இரண்டு பக்கமும் சாய்ந்த தளத்தில் இரண்டாவது சுழற்சி, முதல் சுழற்சியால் ஏற்கெனவே திரும்பிவிட்ட அச்சைச் சுற்றித்தான் நடக்கும். பார்வைக் கோணங்கள் 30, 20 என்றால் ஒய்யைச் சுற்றி 30° திருப்பிய பிறகு எக்ஸைச் சுற்றித் திருப்ப வேண்டியது 20° அல்ல, 17.5°. டேன் 20-ஐக் காஸ் 30-ஆல் பெருக்கித் தலைகீழ் டேன் எடுத்தால் இந்த எண் வரும். சரிபார்க்கவும் வழி உண்டு: 17.5°-இன் சைன், நாம் முன்பு கண்டுபிடித்த ஜே-யோடு பொருந்தும். கணக்கைத் தவிர்க்கலாம் என்று அலைன்மென்ட் பக்கம் போகிறவர் அங்கேயும் அதே கணக்கைத்தான் சந்திக்கிறார்.

வேலை முடிந்ததும் பழைய அலைன்மென்ட்டை மறக்காமல் திரும்ப அழையுங்கள். வெக்டர் எப்போதும் அப்போது நடப்பில் உள்ள அலைன்மென்ட்டின் அச்சுகளில்தான் படிக்கப்படும்.

ப்ரோப் தலையைத் திருப்புற கோணமும் வெக்டரும் ஒண்ணா?

இல்லை. வெக்டர் முகத்தின் திசை, தலைக் கோணம் ஸ்டைலஸின் திசை. இரண்டும் பொருந்தி வந்தால் நல்லது, அவ்வளவுதான். ரெனிஷாவின் பிஎச்10 வகைத் தலைகள் 7.5° படிகளில்தான் திரும்பும். மேலும் கீழும் 0 முதல் 105° வரை, சுற்றிலும் ±180°, மொத்தம் 720 நிலைகள். 34.3° சாய்வுக்கு மிக அருகில் இருப்பது 37.5°. மீதமுள்ள 3° வித்தியாசத்தால் கெடுதி எதுவும் இல்லை, ஸ்டைலஸ் தண்டு முகத்தில் உரசாமல் பந்து முதலில் தொட்டால் சரி. தலையை 37.5-இல் வைத்ததால் வெக்டரையும் 37.5-க்கு மாற்றிவிடக் கூடாது. பயன்படுத்தும் ஒவ்வொரு தலைக் கோணத்தையும் அளவு தெரிந்த கோளத்தில் தொட்டுத் தகுதி பார்த்திருக்க வேண்டும்.

பாலக்காட்டு வெயில்ல ஏசி நின்னா கோணமும் மாறுமா?

ஜாப் முழுதும் ஒரே சீராகச் சூடேறினால் நீளம்தான் மாறும், கோணம் மாறாது. 100 மிமீ அலுமினியம் 10° கூடினால் சுமார் 0.023 மிமீ வளரும், எஃகு அதில் பாதி. எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் வளர்வதால் சாய்வு அப்படியே நிற்கும். ஆபத்து, ஒரு பக்கம் மட்டும் சூடாக இருப்பதில் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் வெளியே 40°-ஐத் தொடும் நாளில் மெஷினிலிருந்து இறக்கிய ஜாப்பை உடனே கிரானைட் மேசையில் ஏற்றினால் அது வளைந்த நிலையிலேயே அளக்கப்படும். அளவுக்கான குறிப்பு வெப்பநிலை 20°. ஜாப் அறையின் வெப்பத்துக்கு வர நேரம் கொடுங்கள்.

3டி மாடல் வந்துட்டா இதெல்லாம் தேவையில்லைதானே?

தேவை குறையும், ஒழியாது. ஐஜிஇஎஸ் கோப்பாக வரும் மாடல்களில் சில முகங்கள் உள்ளே வெளியே திரும்பியிருக்கும், வெக்டர் உலோகத்துக்குள் பார்க்கும். திரையில் அம்பைப் பார்த்ததும் அது சரியா என்று சொல்லத் தெரிய வேண்டும். திட மாடலாக வரும் ஸ்டெப் கோப்பில் இந்தத் தொல்லை அரிது.

வால்வு சீட் கூம்பா இருக்கே, அதுக்கு எந்த வெக்டர்?

வால்வு வந்து உட்காரும் சீட் போன்ற கூம்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி வெக்டர். மேல்நோக்கி விரியும் உள்கூம்பு, அச்சு இசட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சிலிருந்து அளந்த அரைக்கோணத்தையும், சுற்றில் அந்தப் புள்ளி நிற்கும் கோணத்தையும் எடுத்தால்:

ஐ = −காஸ்(அரைக்கோணம்) × காஸ்(சுற்றுக் கோணம்)
ஜே = −காஸ்(அரைக்கோணம்) × சைன்(சுற்றுக் கோணம்)
கே = சைன்(அரைக்கோணம்)

உள்முகம் அச்சைப் பார்ப்பதால் முன்னால் மைனஸ். முழுக்கோணம் 90° உள்ள சீட்டில் அரைக்கோணம் 45°. பிளஸ் எக்ஸ் பக்கப் புள்ளிக்கு −0.7071, 0, 0.7071. பிளஸ் ஒய் பக்கத்துக்கு 0, −0.7071, 0.7071. டிராயிங்கில் எழுதியிருப்பது முழுக்கோணமா அரைக்கோணமா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். முழுக்கோணம் 60° உள்ள சீட்டில் கே 0.5 வரும். அதை அரைக்கோணம் என்று படித்துவிட்டால் 0.866 வரும், வெக்டர் 30° விலகிப் போகும். சீட் குறுகலாக இருப்பதால் பந்து விளிம்பில் விழாமலிருக்க 1 மிமீ பந்து எடுங்கள். புள்ளிகளை ஒரே உயரத்தில் ஒரு வட்டமாக எடுக்காமல் இரண்டு உயரங்களில் இரண்டு வட்டங்களாக எடுங்கள். ஒரே வட்டத்தில் எல்லாப் புள்ளியும் இருந்தால் கூம்பின் கோணத்தை மென்பொருளால் கண்டுபிடிக்கவே முடியாது.